129 பந்துகள்: சேலத்து இளையோர் பேஸ்பால் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சேலம் மாவட்டத்தில் சிறுவர் பேஸ்பால் போட்டிகளை நடத்துகிறவர்கள், அம்பயராக நிற்கிறவர்கள், பிள்ளைகளைப் பஸ் ஏற்றிக் கூட்டி வருகிற உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் செவ்வாய்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பேஸ்பால் ஆடியவன் இல்லை. மகன் ஆடுகிறானே என்று வேடிக்கை பார்க்க வந்தேன். "சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இந்த நோட்டைக் கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு பி.டி. சார் கையில் திணித்தார். அன்றிலிருந்து மூன்று வருடமாக ஸ்கோர் எழுதுகிறேன்.

மண்டியில் லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது நான்கு கோடு நிற்க வைத்து ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். அந்தப் பழக்கத்தில் ஸ்கோர் நோட்டின் ஓரத்திலும் பிட்சர் வீசும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருப்பேன். யாரும் கேட்டதில்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். சென்ற கோடையில் 12 வயதுக்குட்பட்டோர் போட்டி ஒன்று நடந்தது. முதல் நாள் காலை ஆட்டத்தில் பிட்சராக நின்ற என் மகனுக்கு 71 கோடு விழுந்தது. மாலை ஆட்டத்தில் 58. ஒரே நாளில் 129 பந்து.

இரவு சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை இடது கையில் எடுத்தான். ஏன்டா என்றேன். சும்மா என்றான். அவன் அம்மா வலது கை முழங்கையைத் தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். உள்பக்க எலும்புமேல் வீங்கியிருந்தது. பக்கத்துச் சர்பத் கடையில் ஐஸ் வாங்கித் துண்டில் சுற்றிக் கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவனை எறிய வைத்தது யார் என்று யோசித்தால் கோச் முகம் வந்தது, போட்டி நடத்தியவர்கள் முகம் வந்தது. கடைசியில் என் முகமும் வந்தது. அந்த மைதானத்தில் 129 என்ற எண் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் டீம் ஜெயித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் முழங்கை எலும்பின் நுனி இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது, அங்கே வளர்ச்சித் தட்டு என்று மெல்லிய பகுதி ஒன்று உண்டு, ஒவ்வொரு வீச்சிலும் தசைநார் அதைப் பிடித்து இழுக்கிறது என்றார். அமெரிக்காவில் இந்த வலிக்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர் இருக்கிறதாம். ஒரு சிறுவர் போட்டியின் பெயரையே நோய்க்கு வைக்கிற அளவுக்கு அங்கே பிள்ளைகள் பட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த லிட்டில் லீக் 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட் ஊரில் தொடங்கியது. ரொம்ப காலம் அங்கும் பிட்சர் எத்தனை இன்னிங்ஸ் வீசினான் என்றுதான் கணக்கு வைத்தார்கள். ஒரு இன்னிங்ஸ் 8 பந்தில் முடியலாம், 40 பந்தும் போகலாம். மூட்டையின் எடையைப் பார்க்காமல் லாரியை மட்டும் எண்ணுகிற கணக்கு அது. 2007-இல் அதை விட்டுவிட்டுப் பந்தையே எண்ண ஆரம்பித்தார்கள். 9, 10 வயதுக்கு ஒரு நாளைக்கு 75 பந்து. 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வரை 95. வரம்பைத் தொடும்போது எதிரில் ஒரு பேட்டர் நின்றால் அவரை மட்டும் முடித்துக்கொள்ளலாம். அப்புறம் ஓய்வு. 14 வயது வரை உள்ளவன் 20 பந்துக்குள் நிறுத்தினால் மறுநாளே வீசலாம். 21 முதல் 35 என்றால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 என்றால் இரண்டு நாள், 51 முதல் 65 என்றால் மூன்று நாள், 66-ஐத் தொட்டாலே நான்கு நாள். 12 வயது வரையிலான பிரிவுகளில் ஒரே நாளில் இரண்டு ஆட்டத்தில் வீசவே கூடாது.

இந்தக் கணக்கில் என் மகன் காலை 71-ஓடு நின்றிருக்க வேண்டியவன். அந்தப் போட்டி முடியும் வரை பிட்சர் மேட்டில் கால் வைத்திருக்கக் கூடாது.

உங்களில் சிலரிடம் இதைப் பேசியிருக்கிறேன். எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னீர்கள்: "எங்ககிட்ட இருக்கிறதே ஒரு பிட்சர்தான் சார். அவனையும் உட்கார வெச்சா டீமே இல்ல." நியாயமான கவலைதான். ஆனால் விதி இல்லாததால்தான் ஒரு பிட்சர் இருக்கிறான். விதி இருந்தால் ஜூன் மாதத்திலேயே நான்கு பேரைத் தயார் செய்திருப்பீர்கள். வேகமாக எறிகிறவன்தான் பிட்சர் என்பதும் இல்லை. ஸ்டிரைக் போட, அதாவது பேட்டர் அடிக்கிற எல்லைக்குள் பந்தைப் போடத் தெரிந்தால் போதும், பின்னால் ஏழு பேர் பந்து பிடிக்கத்தானே நிற்கிறார்கள்? வளைத்து வீசுவது சிறுவர்களுக்குக் கெடுதலா இல்லையா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே வாதம் ஓடுகிறது. எண்ணிக்கை கூடினால் கை கெடும் என்பதில் வாதமே இல்லை. பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கேட்சரையும் மறந்துவிடாதீர்கள். அவனும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறவன். 41 பந்தோ அதற்கு மேலோ வீசிய பிட்சர் அன்றைக்குக் கேட்சராக உட்காரக் கூடாது என்று லிட்டில் லீக் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. நம் ஊரில் நன்றாக எறிகிற பையன் களைத்துப்போனால் உடனே கேட்சர் பேடைத்தான் மாட்டிவிடுகிறோம்.

1974-இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முழங்கைத் தசைநார் அறுந்தது. ஃபிராங்க் ஜோப் என்ற டாக்டர் அவருடைய இன்னொரு கையிலிருந்து தசைநார் எடுத்துத் தைத்தார். அவர் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். இதைக் கேட்டதும் "பார்த்தீங்களா, சரி பண்ணிக்கலாம்" என்றார் ஒரு அப்பா. ஐயா, அவர் சம்பளம் வாங்கி ஆடிய மனிதர். நம் பிள்ளைகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறார்கள்.

பந்து எண்ணிக்கைக்கு அடுத்தது தூரம். பெரியவர்கள் ஆடும் பேஸ்பாலில் பிட்சருக்கும் பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம், ரன்னுக்காக ஓடித் தொடுகிற பேஸுக்குப் பேஸ் 90 அடி. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அந்தக் கோட்டிலேயே நிறுத்திய ஆட்டங்களுக்கு நான் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். பந்து இரண்டு முறை தரையில் குதித்துப் பிளேட்டுக்கு வரும். ஒரே இன்னிங்ஸில் 11 பேர் வாக்கில், அதாவது பந்தை அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனதை எழுதியிருக்கிறேன். எட்டாத தூரத்துக்கு எறிகிறவன் தோளை உடைத்துக்கொண்டுதான் எறிவான். 129 வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்த வயதுக்கு உரிய அளவு 46 அடி, பேஸுக்கு 60 அடி. 11 முதல் 13 வயது வரை உள்ளவர்களுக்கு 50 அடி, 70 அடி என்று நடு அளவு ஒன்றும் உண்டு.

மைதானத்தில் இடம் கேட்டுப் போராட வேண்டியதில்லை, சின்ன அளவு என்றால் குறைவான இடம்தான் வேண்டும். ஒரே ஒரு கயிறு எடுத்து 46, 60, 84 அடி 10 அங்குலம் என்று மூன்று முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முடிச்சு ஹோம் பிளேட்டிலிருந்து செகண்ட் பேஸ் வரை. அது சரியாக விழுந்தால் சதுரம் சரியாக விழுந்தது என்று அர்த்தம். நம் கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கிற வேலைதான், புதிதாக ஒன்றும் இல்லை. கோடு போடச் சுண்ணாம்புத் தூள் மட்டும் வேண்டாம். சறுக்கி விழுகிற பையனின் கண்ணில் பட்டால் வெந்துவிடும். கோலமாவு போதும்.

பேஸைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஒரு மைதானத்தில் சாக்கில் மண் நிரப்பி, நகராமல் இருக்க நடுவே இரும்பு முளை அடித்திருந்தார்கள். முளையின் தலை அரை அங்குலம் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே ஒரு பெண் அதில் கால் மடங்கி விழுந்தாள். பேஸ் 15 அங்குலச் சதுரம், உயரம் குறைவாக, மெத்தென்று இருந்தால் போதும். தார்பாய் தைக்கிற கடையில் கான்வாஸில் உறை தைத்து, உள்ளே தென்னை நார் அடைத்து, அடியில் பழைய டயர் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார்கள். நான் ஒரு செட் செய்து வைத்திருக்கிறேன், வந்து பாருங்கள். ஃபர்ஸ்ட் பேஸை மட்டும் இரட்டையாக, பாதி வெள்ளை பாதி ஆரஞ்சாகத் தைத்தோம். ஓடி வருகிறவன் ஆரஞ்சை மிதிப்பான், பந்து பிடிக்கிறவன் வெள்ளையை மிதிப்பான். முட்டிக்கொள்வது பாதியாகக் குறைந்துவிட்டது.

இனி சாமான்கள். போட்டி அறிவிப்பில் "சொந்த உபகரணங்களுடன் வரவும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். அந்த வரிக்குள் என்ன நடக்கிறது தெரியுமா? போன வருடம் ஒரு அரசுப் பள்ளி டீம் இரண்டு ஹெல்மெட்டோடு வந்தது, அதில் ஒன்று கிரிக்கெட் ஹெல்மெட். பேட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டான். அடித்துவிட்டு ஃபர்ஸ்ட் பேஸ் போனதும் கழற்றி அடுத்தவனுக்கு எறிந்தான். அப்புறம் வெறும் தலையோடு செகண்ட் பேஸுக்கு ஓடினான். கேட்சர் எறிந்த பந்து அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. பேட்டர் ஒருவர், மூன்று பேஸிலும் மூவர், அடுத்து வரத் தயாராக இருப்பவர் ஒருவர். ஆக ஐந்து ஹெல்மெட், இரண்டு காதும் மூடுகிற மாதிரி. அதற்குக் குறைவாக ஒரு டீம் களத்தில் இறங்கக் கூடாது. 1920-இல் ரே சாப்மன் என்கிற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்துபோனார். அதற்கப்புறமும் அமெரிக்காவின் பெரிய லீகில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்க 1971 ஆயிற்று. பெரியவர்களின் பிடிவாதம் அது, நமக்கு வேண்டாம்.

கேட்சர் சாமான் எல்லாமே பெரிய ஆள் அளவு. 11 வயதுப் பிள்ளைக்கு லெக் கார்டு முட்டியைத் தாண்டித் தொடைக்கு ஏறி, குந்தும்போதெல்லாம் குத்துகிறது. துண்டை மடித்துச் சொருகிக்கொண்டு உட்காருகிறார்கள். நெஞ்சுக் கவசத்துக்கும் உடம்புக்கும் நடுவே கையே நுழைகிறது. நெஞ்சில், இதயத்துக்கு நேரே, ஒரு குறிப்பிட்ட நொடியில் பந்து பட்டால் இதயத் துடிப்பே குலைந்துவிடலாம். மெல்லிய மார்புக்கூடுள்ள சிறுவர்களுக்குத்தான் இது அதிகம். அமெரிக்கப் பள்ளிகளில் 2020 முதல் கேட்சருக்கு இதற்கென்று சோதித்த கவசம் கட்டாயம். வார்ம்-அப் பந்து பிடிக்கிற பையனுக்கும் மாஸ்க் வேண்டும். "சும்மா நாலு பந்துதானே" என்ற பேச்சில்தான் பல் போகிறது.

பேட். இதில் மட்டும் எல்லோருக்கும் ஆசை அதிகம். பேட்டின் நீளம் அங்குலத்தில், எடை அவுன்ஸில். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதை டிராப் என்கிறார்கள். 33 அங்குலம், 30 அவுன்ஸ் என்றால் மைனஸ் 3. அது பெரிய பையன்களுக்கு. நம் சின்னப் பிள்ளைகள் அதைத்தான் இரண்டு கையாலும் உலக்கை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். 30 அங்குலம், 20 அவுன்ஸ், அதாவது மைனஸ் 10 வாங்கிப் பாருங்கள், அதே பையன் தோளிலிருந்து சுற்றுவான். அலுமினிய பேட்டைக் காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வந்தாலோ, நகம் மாட்டுகிற அளவு விரிசல் இருந்தாலோ அம்பயர் அதை ஓரமாக வைக்க வேண்டும். டேப் சுற்றி "நேற்று வரைக்கும் அடிச்சோம் சார்" என்பார்கள். கேட்காதீர்கள். கைப்பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நன்றாகவே பிடிக்கிறது.

கிளவுஸ் விஷயத்தில் ஒரு சின்னச் சம்பவம். வாழப்பாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் இடக்கைக்காரன். இடக்கையால் எறிகிறவனுக்குக் கிளவுஸ் வலது கையில் வேண்டும். அவன் டீமில் இருந்த எல்லாம் இடது கைக்கானவை. அதையே திருப்பி வலது கையில் மாட்டியிருந்தான், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல். பந்து வந்தால் பிடிப்பான், கிளவுஸிலிருந்து பந்தை எடுக்க ஒரு யுகம் ஆகும், அதற்குள் ரன் போய்விடும். கோச் திட்டினார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப்பம்பட்டியிலிருந்து ஒரு இடது கை, கிரிக்கெட் வீரர் நடராஜன், இந்தியாவுக்குப் பந்து வீசியதை ஊரே கொண்டாடினோம். இவன் இடது கைக்கு ஒரு கிளவுஸ் கிடைக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டு அருகே செருப்பு தைக்கிற அண்ணன் ஒருவர், என் மகனுடைய பழைய கிளவுஸில் அறுந்த வாரை எல்லாம் மெழுகு நூலால் புதிதாகக் கோத்துக் கொடுத்தார். புதிதை விட உறுதியாக இருக்கிறது. பழுது பார்க்க ஆள் இருக்கிற ஊர் இது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்து, போட்டி நடத்துகிறவர்கள் பெயரில் ஒரு பொது மூட்டை கட்டுங்கள். அதில் சின்ன அளவு கேட்சர் செட் இரண்டு, பத்து ஹெல்மெட், இடக்கைக்காரர்களுக்கான கிளவுஸ் நான்கு, லேசான பேட் சில இருக்கட்டும். ஸ்கோர் மேசையிலேயே இருக்கட்டும். பள்ளி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு எடுத்துப்போய், ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தரட்டும். சுழல்கோப்பை வாங்குகிற காசில் பாதி போதும் என்று நினைக்கிறேன். அந்தக் கோப்பை பள்ளி அலமாரியில் தூசி படிந்துதானே நிற்கிறது.

விதிகளைப் பற்றி நிறையச் சண்டை பார்த்திருக்கிறேன். எல்லாமே முன்கூட்டி எழுதாததால் வந்த சண்டைதான். ஒரு மைதானத்தில் லெஃப்ட் ஃபீல்டில் புங்க மரம். பந்து கிளையில் சிக்கிக்கொண்டது. ஹோம் ரன் என்று ஒரு கோச், அவுட் என்று இன்னொருவர். பந்து விழட்டும் என்று பையன்கள் மரத்தை உலுக்கினார்கள். இருபது நிமிடம். ஆட்டத்துக்கு முன் இரண்டு கோச்சும் அம்பயரும் ஹோம் பிளேட்டில் நின்று, மரத்தில் பட்டால் என்ன, வாய்க்காலில் போனால் என்ன என்று பேசிக்கொள்வது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். இரண்டு நிமிட வேலை.

ஏற்காட்டில் நடந்தது இன்னும் வேடிக்கை. மே மாதம், கீழே வெயில் கொளுத்துகிறதே என்று இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனோம். நான்காவது இன்னிங்ஸில் பனிமூட்டம் இறங்கியது. ஸ்கோர் மேசையிலிருந்து பார்த்தால் சென்டர் ஃபீல்டரைக் காணோம். அவன் குரல் மட்டும் வருகிறது. பந்து ஈரத்தில் ஊறிக் கனத்துவிட்டது, பிட்சர் கையிலிருந்து வழுக்கிப் பேட்டர் முதுகுக்குப் போகிறது. நிறுத்துவது யார்? போட்டி நடத்தியவர் அம்பயரைப் பார்த்தார், அம்பயர் அவரைப் பார்த்தார். ஆட்டம் தொடங்கிவிட்டால் நிறுத்துகிற அதிகாரம் பிளேட் அம்பயருடையது. ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்தில் நான்கு முடிந்திருந்தால் அதுவே முழு ஆட்டம். பின்னால் பேட் செய்கிற டீம் முன்னிலையில் இருந்தால் மூன்றரையே போதும். இதை முதலிலேயே தாளில் போட்டிருந்தால் அன்று யாரும் யார் முகத்தையும் பார்த்திருக்க வேண்டாம். மேலே ஆடுவதென்றால் பந்தைத் துடைக்கத் துண்டும், உலர்ந்த பந்து ஒரு டஜனும் இருக்கட்டும். கீழே ஆடுவதென்றால் 11 மணிக்கு மேல் 4 மணிக்குள் ஆட்டமே வேண்டாம். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலையும் கட்டுங்கள். போன முறை ஃபவுல் பந்து ஒன்று நேரே போய்த் தட்டுவடை செட் வண்டியின் கண்ணாடி ஜாடியை உடைத்தது. அந்த அம்மா ஜாடிக்குக் காசு வாங்கிக்கொள்ளவில்லை, ஆனால் அடுத்த நாள் வண்டியைக் கொண்டுவரவும் இல்லை.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 ரன் வித்தியாசம் வந்தால் நான்கு இன்னிங்ஸோடு முடித்துவிடுங்கள். புள்ளி சமமானால் ரன் வித்தியாசம் பார்ப்போம் என்று நீங்கள் வைத்திருப்பதால்தான் 24-0 என்று ஜெயித்தும் மேலும் அடிக்கிறார்கள். உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் ஆடிய இன்னிங்ஸால் வகுத்துத்தான் பார்க்கிறது. சீக்கிரம் முடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வந்த எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறையாவது பேட் பிடித்து, ஆறு அவுட் வரையாவது ஃபீல்டில் நிற்க வேண்டும் என்பது லிட்டில் லீக் விதி. ஆத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து, நாள் முழுக்க வாட்டர் பாட்டில் தூக்கிவிட்டுத் திரும்பிப் போகிற பையன்களை நான் பார்க்கிறேன். 12 வயது வரை இரும்பு முள் வைத்த ஷூ வேண்டாம், தலை முன்னால் விட்டுச் சறுக்குவதும் வேண்டாம். பெண் பிள்ளைகளை "சாஃப்ட்பாலுக்குப் போம்மா" என்று அனுப்பாதீர்கள். சாஃப்ட்பாலுக்குப் போகிறவர்கள் போகட்டும், ஆனால் பேஸ்பாலில் ஆட ஆசைப்படுகிறவள் அதில் ஆடட்டும். லிட்டில் லீக் 1974-இலேயே கதவைத் திறந்துவிட்டது, 2014-இல் மோனே டேவிஸ் என்ற 13 வயதுப் பெண் அதன் உலகப் போட்டியில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசினாள்.

இதையெல்லாம் ஒரே தாளில், தமிழில், போட்டிக்குப் பதினைந்து நாள் முன்னால் எல்லாப் பள்ளிக்கும் அனுப்புங்கள். தாளின் முதல் வரியாகப் பந்து எண்ணிக்கை இருக்கட்டும். அதற்குச் செலவே இல்லை. ஸ்கோர் மேசையில் ஒரு ஆள் எண்ண வேண்டும், வரம்பு வருவதற்குப் பத்து பந்துக்கு முன்னால் அம்பயருக்குக் கை காட்ட வேண்டும், அம்பயர் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் உங்கள் கையில் இருக்கிறது. கோச் கத்துவார். கத்தட்டும்.

மகன் நான்கு மாதம் பந்தையே தொடவில்லை. இப்போது செகண்ட் பேஸில் ஆடுகிறான். பிட்சராகப் போகிறேன் என்று மறுபடி நச்சரிக்க ஆரம்பித்திருக்கிறான். தாளில் விதி வந்தால் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கோட்டை மாரியம்மன் கோயில் பக்கத்துக் கடையில், ஜபம் எண்ண விரலில் மாட்டிக்கொள்கிற கவுண்ட்டர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். பொத்தானை அமுக்கினால் ஒன்று கூடும். ஒரு டீமுக்கு ஒன்று. அடுத்த போட்டிக்கான கூட்டம் எப்போது, எங்கே என்று சொல்லுங்கள், கயிற்றையும் பேஸ் செட்டையும் சேர்த்தே கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்கோர் நோட்டு எழுதுகிற ஒரு தகப்பன்
செவ்வாய்பேட்டை, சேலம்